ஒன்று விட்டு ஒன்று: டேபிளில் பட்டை போடுவது எப்படி?

பேங்க் ஸ்டேட்மெண்ட், கால அட்டவணை, மதிப்பெண் பட்டியல் என்று இணையத்தில் நீளமான டேபிள் எதையாவது திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரு வரி வெள்ளையாகவும் அடுத்த வரி லேசான சாம்பல் அல்லது நீல நிறத்திலும் இருக்கும். வரிக்குதிரையின் உடம்பு போல இருப்பதால் இதற்கு ஜீப்ரா ஸ்ட்ரைப் என்று பெயர். அழகுக்காகச் செய்தது போலத் தோன்றும். ஆனால் அழகு இரண்டாம்பட்சம்தான். இடது ஓரத்தில் பெயரைப் படித்துவிட்டு வலது ஓரத்தில் தொகையைத் தேடிப் போகும் கண், நடுவழியில் மேல் வரிக்கோ கீழ் வரிக்கோ வழுக்கி விடக் கூடாது என்பதே நோக்கம்.

வழுக்கினால் என்ன ஆகும்? சேலம் அம்மாபேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு ஜவுளிக் கடையில் ஆனது இது. தறிக்காரர்களுக்குப் பாவும் ஊடை நூலும் கொடுத்து, சேலையாக நெய்து வாங்கி, வாரா வாரம் கூலி போடும் கடை. கூலிப் பட்டியல் கடையிலிருக்கும் கம்ப்யூட்டரில், பிரவுசரில் திறக்கும் ஒரு பக்கமாக இருந்தது. உறுப்பினர் எண், பெயர், தேதி, ரகம், எத்தனை சேலை, எடை, கூலி, முன்பணப் பிடித்தம், கைக்கு வரும் தொகை என மொத்தம் ஒன்பது கட்டங்கள். ஒருவரே வாரத்தில் இரண்டு, மூன்று தடவை சேலை கொண்டு வந்து போடுவார். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி. முருகேசன் என்ற பெயரில் மட்டும் நான்கு பேர்.

பட்டியலில் பட்டை போட்டுத்தான் இருந்தது. ஒரு வரி வெள்ளை, ஒரு வரி சாம்பல், ஒழுங்காக. அப்படியும் ஒரு வாரம் ஒருவருடைய மூன்றாவது வரியின் கூலி, அவருக்குக் கீழே இருந்தவரின் கணக்கில் சேர்த்து எண்ணிக் கொடுக்கப்பட்டு விட்டது. கூடுதலாக வாங்கிப் போனவரே வீட்டில் எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொண்டு வந்து கொடுத்தார். அதனால் சச்சரவு இல்லாமல் முடிந்தது.

பட்டை இருந்தும் ஏன் தவறு வந்தது என்று அந்தப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பட்டை வரிகளை எண்ணிக் கொண்டிருந்தது. கூலி கொடுப்பவரோ ஆட்களை எண்ணிக் கொண்டிருந்தார். ஒருவருடைய மூன்று வரியில் முதலாவதும் மூன்றாவதும் வெள்ளை, நடு வரி சாம்பல். அடுத்தவருடைய முதல் வரி சாம்பல். எங்கே ஒரு ஆள் முடிந்து அடுத்த ஆள் தொடங்குகிறார் என்பதை நிறம் சொல்லவே இல்லை. இதை எப்படிச் சரி செய்வது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். உங்கள் கடைக்கோ, சங்கத்துக்கோ, அபார்ட்மெண்ட் பராமரிப்புக் கணக்குக்கோ பி.எச்.பி.யில் சிறிய பக்கம் எழுதி வைத்திருந்தால் அப்படியே பயன்படுத்திக் கொள்ளலாம்.

ஒரு குறிப்பு: நிரல் சொற்களை இங்கே உச்சரிப்பிலேயே தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலத்தில்தான் டைப் செய்திட வேண்டும்.

பச்சைப் பட்டைத் தாள்

இந்த யோசனை இணையத்தோடு பிறந்ததல்ல. 1959-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் 1401 கம்ப்யூட்டருடன் 1403 என்ற லைன் பிரிண்டரை வெளியிட்டது. ஒரு வரியில் 132 எழுத்துகள், நிமிடத்துக்கு 600 வரிகள். அவ்வளவு அகலமான வரியில் ஓரத்திலிருந்து ஓரத்துக்குக் கண்ணை ஓட்டுவது சிரமம். அதனால் இத்தகைய பிரிண்டர்களுக்கான தொடர் தாளிலேயே வெளிர் பச்சைப் பட்டைகளை முன்கூட்டியே அச்சடித்து விற்றார்கள். இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட, மடிப்பு மடிப்பாக வரும் அந்தத் தாளைப் பழைய அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தத் தாளில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பரவலாக இருந்த வகையில் பட்டையின் உயரம் அரை அங்குலம். அங்குலத்துக்கு ஆறு வரி அச்சடித்தால் ஒரு பட்டைக்குள் மூன்று வரிகள் வரும். ஒரு வரிக்கு ஒரு பட்டை என்பது கட்டாயமாக இருந்ததில்லை. அந்தக் கட்டாயம் வெப் பக்கங்களில்தான் வந்து ஒட்டிக் கொண்டது.

சர்வரில் எண்ணுவது

வெப் பக்கத்தில் பட்டை போட முதலில் வந்த வழி, சர்வரிலேயே எண்ணிப் போடுவது. டேட்டாபேஸிலிருந்து வரும் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து வரியாக எழுதும் லூப் ஒன்று டெம்ப்ளேட்டில் இருக்கும். அதில் ஒரு எண்ணியை வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூட்டி, இரண்டால் வகுத்த மீதியைப் பார்க்க வேண்டும். மீதி 0 என்றால் ஒரு கிளாஸ் பெயர், 1 என்றால் இன்னொரு கிளாஸ் பெயர். அவ்வளவுதான்.

தறியில் இது தினமும் நடக்கிற வேலை. ஊடையில் குறுக்குப் பட்டை விழ வேண்டுமானால், இத்தனை ஊடை ஓடியதும் நாடாவை மாற்ற வேண்டும் என்று கணக்கு உண்டு. ஒரு எண்ணிக்கை பிசகினால் பட்டை கோணிவிடும்.

இதை எல்லாரும் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்ததால், டெம்ப்ளேட் மென்பொருள்களே இதற்கு ஒரு கட்டளையைத் தந்து விட்டன. பி.எச்.பி.க்கான ஸ்மார்ட்டியில் சைக்கிள் என்ற கட்டளை இருக்கிறது. இரண்டு பெயரைக் கொடுத்தால் மாற்றி மாற்றி ஒவ்வொன்றாகத் தரும். 2005-இல் வெளியான ஜாங்கோவிலும் அதே பெயர்தான். ரூபி ஆன் ரெயில்ஸிலும் சைக்கிள்தான். ஏ.எஸ்.பி. டாட் நெட்டில் ரிப்பீட்டருக்குள் ஆல்டர்நேட்டிங் ஐட்டம் டெம்ப்ளேட் என்று தனியாக ஒரு பகுதியே எழுதலாம். லாராவெல்லின் பிளேடில் லூப் என்ற மாறியைக் கேட்டால் இது ஒற்றைச் சுற்றா இரட்டைச் சுற்றா என்று அதுவே சொல்லிவிடும்.

எளிதாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். இதில் மூன்று இடங்களில் கால் இடறும்.

முதலாவது, லூப்புக்குள் சில பதிவுகளைத் தவிர்ப்பது. கூலி 0 என்றால் அந்த வரியை எழுதாதே என்று ஒரு நிபந்தனை இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். எண்ணியைக் கூட்டிய பிறகு அந்த நிபந்தனை வந்தால், எழுதாத வரியும் எண்ணிக்கையில் சேர்ந்து விடும். திரையில் இரண்டு சாம்பல் வரிகள் ஒட்டி நிற்கும். வரியை எழுதுகிற இடத்தில்தான் எண்ணியைக் கூட்ட வேண்டும். இதைவிட நல்லது, வேண்டாத பதிவை டேட்டாபேஸ் கேள்வியிலேயே வடிகட்டி விடுவது.

இரண்டாவது, லூப்புக்குள் லூப். வெளி லூப் ஒவ்வொரு தெருவுக்கும், உள் லூப் அந்தத் தெருவில் உள்ள தறிகளுக்கும் என்று எழுதினால், சைக்கிள் கட்டளை முதல் தெருவில் விட்ட இடத்திலிருந்தே அடுத்த தெருவிலும் தொடரும். ஒரு தெருவின் டேபிள் வெள்ளையில் தொடங்கும், இன்னொன்று சாம்பலில் தொடங்கும். ஜாங்கோவில் இதற்காகவே 2017-இல் வந்த 1.11 பதிப்பில் ரீசெட்சைக்கிள் என்ற கட்டளையைச் சேர்த்தார்கள்.

மூன்றாவது, பக்கம் வந்து சேர்ந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் மூலம் நடுவில் ஒரு வரியைச் சேர்ப்பது அல்லது நீக்குவது. சர்வர் தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும். அதற்குப் பிறகு நடப்பது அதற்குத் தெரியாது. பட்டை உடைந்துவிடும்.

பிரவுசர் எண்ணினால்?

2004-இல் எ லிஸ்ட் அபார்ட் என்ற வெப் வடிவமைப்பு இதழில் டேவிட் மில்லர் என்பவர், பக்கம் வந்த பிறகு ஜாவாஸ்கிரிப்டே வரிகளை எண்ணி நிறம் போடும் வழியை எழுதினார். நல்ல யோசனை. சர்வருக்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி அதில் ஒளிந்திருந்தது. 2006-இல் ஜெகொய்ரி வந்ததும் அதே வேலை ஒரே வரியில் முடிந்தது.

பிறகு சி.எஸ்.எஸ். தானே எண்ணக் கற்றுக் கொண்டது. டிஆர் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, என்த் ஹைபன் சைல்ட் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ஈவன் என்று கொடுத்தால் இரட்டை வரிகள் மட்டும் தேர்வாகும். 2009-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8-க்கு இது புரியாது. 2011-இல் வந்த 9-க்குப் புரியும். அதே 2011-இல்தான் டபிள்யூ3சி அமைப்பும் இதை முறையான பரிந்துரையாக வெளியிட்டது. இன்று எந்தப் பிரவுசரிலும் தயங்காமல் பயன்படுத்தலாம். வரியை நடுவில் சேர்த்தாலும் நீக்கினாலும் பிரவுசர் உடனே மறுபடி எண்ணிக் கொள்ளும். மேலே சொன்ன மூன்று இடறலும் இதில் இல்லை.

எனவே வரிக்கு ஒரு பட்டை மட்டும் போதும் என்றால் சர்வரில் எண்ணாதீர்கள். டெம்ப்ளேட்டில் இருக்கும் எண்ணியை அழித்துவிட்டு சி.எஸ்.எஸ்.ஸில் ஒரு வரி எழுதுங்கள்.

ஆனால் நம் கூலிப் பட்டியலுக்கு அது போதாது. பிரவுசருக்குத் தெரிவது இது எத்தனையாவது வரி என்பது மட்டும்தான். இந்த வரியும் மேல் வரியும் ஒரே ஆளுடையவை என்பது அதற்குத் தெரியாது. அது தெரிந்த இடம் சர்வர்.

ஆளுக்கு ஒரு பட்டை

இதற்கு முதலில் பதிவுகளைச் சரியான வரிசையில் வாங்க வேண்டும். டேட்டாபேஸ் கேள்வியில் ஆர்டர் பை கொடுக்கும்போது உறுப்பினர் எண்ணை முதலிலும் தேதியை இரண்டாவதாகவும் கொடுங்கள். தேதியை முதலில் கொடுத்தால் ஒரே ஆளுடைய வரிகள் பட்டியல் முழுக்கச் சிதறிவிடும். பிறகு எந்த வித்தை செய்தாலும் பயனில்லை.

அடுத்து, லூப்புக்கு வெளியே முந்தையவர் என்ற மாறியைக் காலியாக வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவு வரும்போதும் அதன் உறுப்பினர் எண்ணை முந்தையவரோடு ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் நிறத்தை மாற்றுங்கள். பிறகு இந்த எண்ணை முந்தையவரில் போட்டு வையுங்கள். ஒப்பிடுவது எண்ணாகத்தான் இருக்க வேண்டும், பெயராக இருக்கக் கூடாது. நான்கு முருகேசன்கள் இருக்கிற ஊரில் பெயரை ஒப்பிட்டால் இரண்டு பேர் ஒரே பட்டைக்குள் வந்து விடுவார்கள். முன்பு நடந்ததைவிட மோசமான குழப்பம் அது.

இதோடு நிறுத்தினாலும் வேலை நடக்கும். ஆனால் சர்வர் மறுபடியும் நிறத்தைத் தீர்மானிக்கிறது அல்லவா? அதைவிட ஒழுங்கான வழி ஒன்று எச்.டி.எம்.எல்.லிலேயே இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஒரு டேபிளுக்குள் டிபாடி என்ற டேக் ஒன்றுதான் வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எத்தனை வேண்டுமானாலும் வரலாம். ஆளுக்கு ஒரு டிபாடி போட்டு விடுங்கள்.

செய்முறை இதுதான். உறுப்பினர் எண் மாறும்போது, ஏற்கெனவே ஒரு டிபாடி திறந்திருந்தால் அதை மூடிவிட்டுப் புதிய டிபாடியைத் திறக்க வேண்டும். லூப் முடிந்ததும் கடைசி டிபாடியை மூட வேண்டும். பட்டியல் காலியாக இருந்தால் எதையும் மூடக் கூடாது. இந்த இரண்டையும் மறந்து விடாதீர்கள். ஜாங்கோவில் ரீகுரூப் என்ற கட்டளை இருப்பதால் இவ்வளவு பாடு கிடையாது. அதுவே ஆள்வாரியாகப் பிரித்துத் தந்துவிடும், ஆனால் அதற்கும் பதிவுகள் வரிசைப்படி வர வேண்டும்.

இப்பொழுது சி.எஸ்.எஸ்.ஸில் டிஆர் என்பதற்குப் பதிலாக டிபாடி என்று எழுதி, என்த் சைல்டுக்குப் பதிலாக என்த் ஹைபன் ஆஃப் ஹைபன் டைப் என்று கொடுங்கள். ஏன் இந்த மாற்றம்? டிஹெட் என்ற தலைப்புப் பகுதியும் டேபிளின் ஒரு பிள்ளைதான். என்த் சைல்ட் அதையும் சேர்த்து எண்ணும். என்த் ஆஃப் டைப் டிபாடிகளை மட்டும் எண்ணும்.

இனி யாருக்கு எத்தனை வரி என்பதைச் சர்வர் சொல்லும். எந்த நிறம் என்பதைப் பிரவுசர் பார்த்துக் கொள்ளும். தறிக்காரர் மூன்று தடவை சேலை போட்டிருந்தால் மூன்று வரியும் ஒரே நிறத்தில் சேர்ந்து நிற்கும். அவருடைய கூட்டுத் தொகையை அந்த டிபாடியின் கடைசி வரியில் தடித்த எழுத்தில் போட்டு விடலாம்.

இதில் கூடுதலாக ஒரு லாபம் உண்டு. பெயரை மூன்று வரியிலும் திரும்ப எழுதாமல், ரோஸ்பேன் கொடுத்து ஒரே உயரமான கட்டமாகக் காட்ட விரும்புவோம். வரிக்கு வரி பட்டை போட்டிருந்தால் இது அலங்கோலமாக இருக்கும். ஏனெனில் அந்தக் கட்டம் முதல் வரியைச் சேர்ந்தது என்பதால் முதல் வரியின் நிறத்தையே மூன்று வரி உயரத்துக்கும் எடுத்துக் கொள்ளும், பக்கத்தில் மட்டும் நிறம் மாறி மாறி ஓடும். ஆளுக்கு ஒரு பட்டை என்றால் இந்தச் சிக்கலே எழாது.

தேடல் பெட்டி வைத்தால்

பட்டியலுக்கு மேலே ஒரு தேடல் பெட்டி வைத்து, முரு என்று டைப் செய்ததும் முருகேசன்கள் மட்டும் தெரியும்படி செய்வது வழக்கம். மற்ற வரிகள் அழிவதில்லை, மறைக்கப்படுகின்றன. சி.எஸ்.எஸ். மறைந்திருப்பதையும் சேர்த்து எண்ணும். எனவே தெரிகிற நான்கு பேரும் ஒரே நிறத்தில் வந்து நிற்கக் கூடும்.

நெடுநாள் இதற்கு ஜாவாஸ்கிரிப்ட்தான் வழியாக இருந்தது. இப்போது என்த் சைல்டின் அடைப்புக்குறிக்குள் ஈவன் என்று எழுதி, பக்கத்தில் ஆஃப் என்று போட்டு, எவற்றை மட்டும் எண்ண வேண்டும் என்று சொல்லலாம். மறைக்கப்படாத டிபாடிகளை மட்டும் எண்ணு என்று கொடுத்தால் போதும். சஃபாரியில் இது 2015 முதலே இருக்கிறது. குரோமில் 111-ஆம் பதிப்பிலும் ஃபயர்ஃபாக்ஸில் 113-ஆம் பதிப்பிலும், அதாவது 2023-இல் வந்தது. கடையில் பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் இருந்தால் குரோமின் 109-ஆம் பதிப்போடு நின்றிருக்கும், அதில் வேலை செய்யாது. அங்கே தெரியாத விதியைப் பிரவுசர் முழுவதுமாக ஒதுக்கிவிடும் என்பதால், முந்தைய என்த் ஆஃப் டைப் விதியை மேலே விட்டு வைத்து, புதியதை அட் சப்போர்ட்ஸ் சோதனைக்குள் எழுதுங்கள். புதிய விதி வேலை செய்யும் இடத்தில் பழைய விதியின் நிறத்தை நீக்கவும் அதே சோதனைக்குள் ஒரு வரி சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழும்.

எந்த நிறம்?

பட்டை உண்மையில் உதவுகிறதா என்ற கேள்வியை 2008-இல் ஜெசிகா எண்டர்ஸ் என்பவர் அதே எ லிஸ்ட் அபார்ட் இதழில் சோதித்து எழுதினார். முதல் சோதனையில் வேகத்திலோ துல்லியத்திலோ பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை. இரண்டாவதில் மக்கள் பட்டையுள்ள டேபிளை விரும்பினார்கள், சில கேள்விகளுக்குப் பட்டை உதவவும் செய்தது. ஆறு வரி, நான்கு கட்டம் உள்ள சின்ன டேபிளுக்குப் பட்டை தேவையில்லை என்பது என் எண்ணம். ஒன்பது கட்டம் உள்ள கூலிப் பட்டியலுக்குத் தேவை.

நிறம் மெல்லியதாக இருக்கட்டும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 248 என்று கொடுத்தால் நல்ல மானிட்டரில் தெரியும், கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் இருக்கும் பழைய மானிட்டரில் வெள்ளையாகவே தோன்றும். 235 அளவில் வைத்துப் பாருங்கள். பிடித்தம் என்ற கட்டத்தைச் சிவப்பு எழுத்தில் காட்டுவதானால் கருஞ்சிவப்பாக வையுங்கள். சாம்பல் பட்டையின் மேல் வெளிர் சிவப்பு படிக்க முடியாது.

தமிழில் பட்டியல் போடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. நம் எழுத்துகளில் மேலே கொக்கியும் கீழே சுழியும் வரும். ஆங்கிலத்துக்குப் போதுமான வரி உயரத்தில் மேல் வரியின் ணு, கீழ் வரியின் கி-யின் கொக்கியோடு உரசும். லைன் ஹைட்டை 1.6 அளவுக்குக் கொடுங்கள். பெயர் நீளமாக இருந்து இரண்டாக மடிந்தால், அது ஒரு ஆளா இரண்டு ஆளா என்ற சந்தேகத்தையும் பட்டைதான் தீர்க்கும்.

அச்சிலும் மின்னஞ்சலிலும்

பிரிண்ட் எடுக்கும்போது பிரவுசர்கள் பின்னணி நிறத்தை வழக்கமாக அச்சடிப்பதில்லை, மையை மிச்சப்படுத்துவதற்காக. திரையில் பார்த்த பட்டை தாளில் காணாமல் போயிருக்கும். பிரிண்ட் கலர் அட்ஜஸ்ட் என்ற பண்புக்கு எக்ஸாக்ட் என்று கொடுத்தால் வரும். ஆனால் கூலிப் பட்டியலை டாட் மேட்ரிக்ஸில் அடிப்பவர்கள் அதைச் செய்ய வேண்டாம். சாம்பல் நிறம் புள்ளி புள்ளியாக விழுந்து 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். அச்சுக்கென்று தனியாக மீடியா பிரிண்ட் பகுதி எழுதி, ஒவ்வொரு டிபாடியின் கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு மட்டும் போட்டு விடுங்கள். ஆளுக்கு ஒரு கோடு.

அதே பட்டியலைக் கணக்கருக்கு மின்னஞ்சலில் அனுப்புவதாக இருந்தால் மட்டும் பழைய வழிக்குத் திரும்ப வேண்டும். 2007 முதல் விண்டோஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய பாணி அவுட்லுக், மின்னஞ்சலைக் காட்டுவதற்கு வேர்டின் இன்ஜினைப் பயன்படுத்துகிறது. என்த் சைல்ட், என்த் ஆஃப் டைப் எதுவும் அதற்குப் புரியாது. அங்கே சர்வரே நிறத்தைத் தீர்மானித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நேரடியாக ஸ்டைல் எழுத வேண்டியதுதான். முந்தையவர் என்ற மாறியை வைத்து நிறம் மாற்றினோமே, அந்த நிரலைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

கடைசியாக, மொபைலில் பார்ப்பவர்களுக்கு. ஒன்பது கட்டம் சிறிய திரையில் அடங்காது, பக்கவாட்டில் தள்ளிப் பார்க்க வேண்டும். அப்போது பெயர்க் கட்டம் மட்டும் நகராமல் நிற்க, பொசிஷன் ஸ்டிக்கி என்று கொடுத்து லெஃப்ட் 0 என்று போடுவோம். கொடுத்துப் பார்த்தால் தொகைகள் பெயருக்கு அடியில் புகுந்து இரண்டு எழுத்தும் ஒன்றாகக் கலந்து தெரியும். காரணம், அந்தக் கட்டத்துக்குச் சொந்தமாகப் பின்னணி நிறம் இல்லை. நாம் நிறம் கொடுத்தது டிபாடிக்கு. டிஆருக்கு பேக்ரவுண்ட் இன்ஹெரிட் என்றும், பெயர்க் கட்டத்துக்கும் அதே போல இன்ஹெரிட் என்றும் எழுதுங்கள். வெள்ளைப் பட்டை வரும் டிபாடிகளுக்கும் வெள்ளை என்று வெளிப்படையாகக் கொடுத்து விடுங்கள், அங்கே எடுத்துக் கொள்வதற்கு ஒரு நிறம் வேண்டுமே.